நாடற்ற தூதுவர்: நாஹும் கோல்ட்மானின் பொதுவாழ்க்கை

நாஹும் கோல்ட்மான் எந்த நாட்டின் ஆட்சியிலும் அமைச்சராக இருந்ததில்லை. அவருக்குப் பின்னால் படையோ கருவூலமோ வாக்கு வங்கியோ கிடையாது. ஆனாலும் 1930-கள் தொடங்கி 1970-கள் வரை உலகின் பல தலைநகரங்களில் அவருக்காகக் கதவுகள் திறந்தன. ஆட்சித் தலைவர்கள் அவரோடு உட்கார்ந்து பேசினார்கள்; சில சமயம் தங்கள் முடிவையும் மாற்றிக்கொண்டார்கள். உலக யூத காங்கிரஸைத் தோற்றுவித்த இருவரில் ஒருவர் அவர். நீண்ட காலம் அதன் தலைவராகவும் இருந்தார். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் கோரிய உலக சியோனிய அமைப்புக்கு 12 ஆண்டுகள் தலைமை தாங்கினார். நாஜிக் கொடுமைகளுக்காக மேற்கு ஜெர்மனி இழப்பீடு தர ஒப்புக்கொண்ட 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மூவரில் அவரும் ஒருவர். பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஒரு மக்களின் சார்பில் பேசும் உரிமை யாருக்கு உண்டு, அந்த உரிமையை யார் தருவது என்ற கேள்வி அவருடைய வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வந்தது. எதிராளிகளைவிட யூதத் தலைவர்களே அதை அவரிடம் அதிகமாகக் கேட்டார்கள்.

கோல்ட்மான் 1895 ஜூலை 10 அன்று ரஷ்யப் பேரரசின் விஷ்னேவா என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரும் குடியரசுத் தலைவருமான ஷிமோன் பெரஸ் பிறந்ததும் அங்கேதான். பிழைப்புக்காகப் பெற்றோர் முன்னதாகவே ஜெர்மனி சென்றுவிட, குழந்தை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. ஆறு வயதளவில் பிராங்க்பர்ட் நகரத்துக்குப் போய்ப் பெற்றோருடன் சேர்ந்தார். தந்தை ஆசிரியர், ஹீப்ரு அறிஞர், சியோனிய ஆர்வலர். கிழக்கு ஐரோப்பாவின் மரபான யூத வாழ்வும் ஜெர்மனியின் நவீனக் கல்வியும் ஒரே வீட்டில் கிடைத்தது அவருக்குப் பெரிய பேறு. பிற்காலத்தில் ரஷ்ய ஏழை யூதரிடமும் ஜெர்மன் உயர்குடி அரசியல்வாதியிடமும் ஒரே இயல்போடு பேச முடிந்ததற்கு இந்த வளர்ப்பே அடிப்படை.

மார்பர்க், ஹைடல்பர்க், பெர்லின் பல்கலைக்கழகங்களில் சட்டமும் வரலாறும் தத்துவமும் படித்தார். 1913-இல் மாணவராக இருந்தபோதே பாலஸ்தீனத்துக்குச் சென்று சில மாதங்கள் தங்கினார். அந்தப் பயணம் பற்றி எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்தன. முதல் உலகப்போர் நடந்தபோது ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் யூத விவகாரப் பிரிவில் வேலை கிடைத்தது. ஓர் அரசு உள்ளுக்குள் எப்படி முடிவெடுக்கிறது, கோப்பு எங்கே தேங்குகிறது, எந்த அதிகாரியின் சொல் எடுபடுகிறது என்பதையெல்லாம் இருபது வயதிலேயே நேரில் பார்க்கும் வாய்ப்பு அது.

1920-களில் தத்துவ அறிஞர் யாகோப் கிளாட்ஸ்கினுடன் சேர்ந்து பெர்லினில் எஷ்கோல் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். யூத வரலாறு, சமயம், இலக்கியம் அனைத்தையும் தொகுக்கும் மாபெரும் கலைக்களஞ்சியம் ஒன்றை ஜெர்மன் மொழியில் கொண்டுவருவது அவர்கள் திட்டம். முதல் தொகுதி 1928-இல் வந்தது. பத்துத் தொகுதிகள் முடிந்து, அகரவரிசையில் பாதித் தூரம் கடந்திருந்த வேளையில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1934-க்குப் பிறகு அந்தப் பணி நின்றுபோனது. அது பாதியில் நின்றதைக் கோல்ட்மான் மறக்கவே இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1970-களின் தொடக்கத்தில், ஜெருசலேமிலிருந்து ஆங்கிலத்தில் 16 தொகுதிகளாக வெளிவந்த யூதக் கலைக்களஞ்சியம் அந்தப் பழைய முயற்சியின் வழித்தோன்றல்தான்.

1933-இல் அவர் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1935-இல் நாஜி அரசு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான ஹோண்டுராஸ் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. பின்னாளில் அமெரிக்கா, இஸ்ரேல், சுவிட்சர்லாந்து என்று கடவுச்சீட்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு கடவுச்சீட்டின் மதிப்பு என்ன, அது இல்லாதவன் நிலை என்ன என்பது அவருக்கு அனுபவப் பாடம்.

புதிய இருப்பிடம் ஜெனீவா. ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அங்கேதான் இயங்கியது. முதல் உலகப்போருக்குப் பின் போடப்பட்ட ஒப்பந்தங்களில் சிறுபான்மையினரின் உரிமைகளுக்குச் சில பாதுகாப்புகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றைக் காக்க 1919-இல் யூதப் பிரதிநிதிகள் குழு ஒன்று பாரிசில் உருவானது. லியோ மோட்ஸ்கின் என்ற மூத்த தலைவர் அதை நடத்திவந்தார். 1933-இல் இந்தக் குழு கையாண்ட ஒரு வழக்கு, பலமில்லாதவர்கள் சட்டத்தை எப்படிப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு நல்ல சான்று. ஜெர்மனியும் போலந்தும் 1922-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மேல் சிலேசியா பகுதியின் சிறுபான்மையினர் சர்வதேச சங்கத்திடம் நேரடியாக முறையிடலாம். அந்தப் பகுதியில் யூதர் என்பதற்காக வேலையிழந்த பிரான்ஸ் பெர்ன்ஹைம் என்ற கடை ஊழியரின் பெயரில் 1933 மே மாதம் மனு கொடுக்கப்பட்டது. ஒரு சாதாரண ஊழியரின் மனுவுக்கு ஹிட்லரின் அரசு பதில் சொல்ல வேண்டி வந்தது. உள்ளூர் அதிகாரிகள் தவறாக நடந்துகொண்டார்கள் என்று சொல்லி அது பின்வாங்கியது. உடன்பாடு காலாவதியான 1937 ஜூலை வரை, ஜெர்மனியின் மற்ற இடங்களில் அமலில் இருந்த யூத எதிர்ப்புச் சட்டங்கள் மேல் சிலேசியாவில் செயல்படவில்லை. நான்கு ஆண்டுகள்தான். ஆனால் தப்பிப் போக வழி தேடியவர்களுக்கு நான்கு ஆண்டுகள் சிறிய காலமல்ல.

1933-ஆம் ஆண்டின் இறுதியில் மோட்ஸ்கின் இறக்க, குழுவின் பொறுப்பு கோல்ட்மானுக்கு வந்தது. 1934 நவம்பரில் ரோமில் முசோலினியைச் சந்தித்தார். இத்தாலி அப்போது ஹிட்லருடன் கூட்டுச் சேரவில்லை. யூத எதிர்ப்புச் சட்டங்களும் அங்கே வரவில்லை. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே சர்வதேச சங்கத்தின் ஆட்சியில் இருந்த சார் பகுதி, வாக்கெடுப்புக்குப் பிறகு ஜெர்மனியோடு இணையப் போகிறது என்பது தெரிந்திருந்தது. அங்குள்ள யூதர்கள் சொத்துகளுடன் வெளியேற இடம் வேண்டும் என்று கோல்ட்மான் கேட்டார். அதன்பின் ரோமில் எட்டப்பட்ட உடன்பாட்டில், சார் பகுதியை விட்டுப் போக விரும்புவோருக்கு ஓராண்டு அவகாசமும் உடைமைகளை எடுத்துச் செல்லும் உரிமையும் இடம்பெற்றன. பாசிச சர்வாதிகாரியுடன் பேசலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஆபத்தில் இருக்கும் மக்களுக்காகப் பேசுபவர், பேச்சுக்கு வரும் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது கோல்ட்மானின் நிலை. வாழ்நாள் முழுவதும் அதில் அவர் உறுதியாக நின்றார்.

1936 ஆகஸ்டில் ஜெனீவாவில் உலக யூத காங்கிரஸ் பிறந்தது. 32 நாடுகளிலிருந்து 280 பேராளர்கள் கூடினார்கள். அமெரிக்க யூத மதகுருவும் புகழ்பெற்ற பேச்சாளருமான ஸ்டீபன் வைஸ் தலைமை ஏற்றார்; நிர்வாகக் குழுவின் பொறுப்பைக் கோல்ட்மான் ஏற்றார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செல்வாக்குடன் இருந்த பழைய யூத அமைப்புகள் இந்த முயற்சியை விரும்பவில்லை. யூதர்கள் உலகளவில் சதி செய்கிறார்கள் என்று நாஜிகள் கதை கட்டிக்கொண்டிருக்கும்போது உலக அமைப்பு ஒன்றைத் தொடங்குவது அந்தக் கதைக்குத் தீனி போடும் என்பது அவர்கள் கவலை. ஒவ்வொரு நாட்டு யூதரும் அந்தந்த நாட்டுக் குடிமக்களாகவே பேச வேண்டும் என்றார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் குடியுரிமையே பறிக்கப்பட்ட ஜெர்மன் யூதர் எந்த நாட்டின் குடிமகனாகப் பேசுவார் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

போர் மூண்டபின் 1940-இல் கோல்ட்மான் நியூயார்க் சென்றார். ஜெனீவா அலுவலகத்தைக் கெர்ஹார்ட் ரீக்னர் என்ற இளம் வழக்கறிஞர் கவனித்துக்கொண்டார். 1942 ஆகஸ்ட் 8 அன்று ரீக்னர் அனுப்பிய தந்தி இருபதாம் நூற்றாண்டின் மிகக் கொடிய செய்திகளில் ஒன்றைச் சுமந்திருந்தது. ஜெர்மன் கட்டுப்பாட்டில் உள்ள ஐரோப்பிய யூதர்கள் அனைவரையும் கிழக்கே கொண்டுபோய்க் கொன்றொழிக்கும் திட்டம் ஹிட்லரின் தலைமையகத்தில் பரிசீலிக்கப்படுகிறது என்பது அதன் சாரம். நம்பத்தக்க ஜெர்மன் வட்டாரத்திலிருந்து வந்த தகவல் அது. அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தத் தந்தியை ஸ்டீபன் வைஸிடம் கொடுக்காமல் நிறுத்திவைத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சிட்னி சில்வர்மன் வழியாகத்தான் அது ஆகஸ்ட் இறுதியில் அவர் கைக்கு வந்தது. தகவலை உறுதிப்படுத்தும்வரை வெளியிட வேண்டாம் என்று வெளியுறவுத் துறை கேட்டுக்கொண்டது. வைஸ் காத்திருந்தார். நவம்பர் 24 அன்றுதான் செய்தி பகிரங்கமானது. டிசம்பர் 17 அன்று நேச நாடுகள் கூட்டாகக் கண்டன அறிக்கை வெளியிட்டன. அதற்குமேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1944 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸ் முகாமின் எரியூட்டுக் கூடங்களையும் அங்கு செல்லும் ரயில் பாதைகளையும் குண்டுவீசித் தகர்க்கும்படி வந்த கோரிக்கையை உலக யூத காங்கிரஸின் நிர்வாகி ஒருவர் அமெரிக்கப் போர்த்துறைக்கு அனுப்பினார். சாத்தியமில்லை என்று பதில் வந்தது.

இந்த ஆண்டுகள் கோல்ட்மானின் பொதுவாழ்க்கையில் மிக இருண்ட பகுதி. அவருக்குத் தெரிந்த கலை அதிகாரிகளின் அறைக்குள் அமர்ந்து வாதாடுவது. கேட்பவருக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லாதபோது அந்தக் கலை பயனற்றுப் போகும். வாஷிங்டனைப் பகைத்துக்கொள்ளாமல் காரியம் சாதிக்கலாம் என்று அவரும் வைஸும் நம்பினார்கள். தெருவில் இறங்கிக் கூச்சலிட்டவர்களை அவர்கள் விரும்பவில்லை. அந்தக் கூச்சலே தேவையாக இருந்தது என்று பின்னாளில் பலர் வாதிட்டிருக்கிறார்கள். கோல்ட்மானும் தம் தலைமுறைத் தலைவர்களின் தயக்கத்தைப் பிற்காலத்தில் கடுமையாக விமர்சித்தார். அந்தக் குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

பிரிட்டனின் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தின் எதிர்காலம் பற்றிய பிரச்சினையில், அதை யூதர்களுக்கும் அரபுகளுக்கும் பிரித்துக் கொடுப்பதை அவர் ஆதரித்தார். நாடு முழுவதும் வேண்டும் என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. கிடைக்கும் பகுதியில் யூத அரசு ஒன்றை நிறுவுவதே அறிவு என்பது அவர் கணக்கு. 1946 ஆகஸ்டில் பாலஸ்தீன யூதர்களின் பிரதிநிதி அமைப்பான யூத முகமையின் நிர்வாகக் குழு பாரிசில் கூடி இதை ஏற்றது. அந்த முடிவை எடுத்துக்கொண்டு அவரே வாஷிங்டன் பறந்தார். வெளியுறவுத் துறையின் துணைச் செயலராக இருந்த டீன் அச்சிசனிடமும் வெள்ளை மாளிகை ஆலோசகர்களிடமும் சில நாட்களில் பேசி முடித்தார். அக்டோபரில் அதிபர் ட்ரூமன் வெளியிட்ட அறிக்கை பிரிவினைத் திட்டத்தை நோக்கி அமெரிக்கா நகர்வதைக் காட்டியது. ஆனால் 1948 மே மாதம் யூத முகமையின் தலைவர் பென் குரியன் இஸ்ரேலைப் பிரகடனம் செய்யத் தயாரானபோது, சிறிது தள்ளிப்போட்டு அரபு நாடுகளுடன் பேசிப் பார்க்கலாம் என்றார் கோல்ட்மான். பென் குரியன் கேட்கவில்லை. பிரகடனம் நடந்தது, போரும் வந்தது. அன்று பொறுத்திருந்தால் போரைத் தவிர்த்திருக்கலாம் என்று கோல்ட்மான் கடைசிவரை நம்பினார். அரபு அரசுகள் அப்போதிருந்த மனநிலையைப் பார்த்தால் அந்த நம்பிக்கையை ஏற்பது கடினம்.

ஸ்டீபன் வைஸ் 1949-இல் இறந்தபின் உலக யூத காங்கிரஸின் தலைமை கோல்ட்மானிடம் வந்தது. அவர் செய்த மிகப்பெரிய பணியும் அதைத் தொடர்ந்தே வந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு ஜெர்மனியிடம் என்ன கேட்பது என்ற யோசனை போர் முடியும் முன்பே தொடங்கிவிட்டது. உலக யூத காங்கிரஸின் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய சட்ட அறிஞர் நெஹமையா ராபின்சன் 1944-இலேயே இழப்பீடு பற்றி நூல் எழுதியிருந்தார். சட்டச் சிக்கல் பெரிது. போர் இழப்பீடு என்பது வென்ற நாடு தோற்ற நாட்டிடம் பெறுவது. யூதர்கள் எந்த நாடும் அல்லர். இஸ்ரேலோ, குற்றம் நடந்த காலத்தில் பிறக்கவே இல்லை. 1951 மார்ச்சில் இஸ்ரேல் ஒரு கணக்கை முன்வைத்தது: நாஜிக் கொடுமைக்குத் தப்பி வந்த 5 லட்சம் பேரைக் குடியமர்த்த ஆளுக்கு 3,000 டாலர், மொத்தம் 150 கோடி டாலர். இதில் 100 கோடி மேற்கு ஜெர்மனியும் 50 கோடி கிழக்கு ஜெர்மனியும் தர வேண்டும். கொல்லப்பட்ட 60 லட்சம் உயிர்களுக்கு யாரும் விலை வைக்கவில்லை. பிழைத்தவர்களைத் தாங்கும் செலவு மட்டுமே கேட்கப்பட்டது. இந்த வேறுபாடு பேச்சுவார்த்தை முழுவதும் கவனமாகக் காக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் பங்கு கடைசிவரை வரவே இல்லை.

1951 செப்டம்பர் 27 அன்று மேற்கு ஜெர்மன் சான்சலர் கோன்ராட் அடேனவர், ஜெர்மானிய மக்களின் பெயரால் செய்யப்பட்ட குற்றங்களுக்கு ஒழுக்க அடிப்படையிலும் பொருள் அடிப்படையிலும் ஈடு செய்யும் கடமை உண்டு என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அடுத்த மாதம் நியூயார்க்கில் இருபதுக்கும் மேற்பட்ட யூத அமைப்புகள் கூடி, இழப்பீட்டுக் கோரிக்கை மாநாடு என்ற கூட்டமைப்பை உருவாக்கின. தலைவர் கோல்ட்மான். பல திசைகளில் இழுக்கும் அமைப்புகளை ஒரே கோரிக்கையின் பின்னால் நிறுத்தியது அவருடைய முதல் வெற்றி.

டிசம்பர் 6 அன்று லண்டனில் கிளாரிட்ஜஸ் விடுதியில் அடேனவரை அவர் ரகசியமாகச் சந்தித்தார். இஸ்ரேலின் 100 கோடி டாலர் கோரிக்கையைப் பேச்சுவார்த்தையின் அடிப்படையாக ஏற்பதாக எழுத்தில் தர வேண்டும், இல்லாவிட்டால் யூதர்கள் ஜெர்மானியர்களோடு ஒரே மேசையில் உட்காரவே முடியாது என்று விளக்கினார். தொகை பெரிது, மேற்கு ஜெர்மனி அப்போது கடனாளி, அமைச்சரவையைக் கலந்துகொள்ள நேரமில்லை. ஆனாலும் அடேனவர் சம்மதித்தார். கடிதம் அன்றே கையெழுத்தானது. அந்தக் கடிதம் இல்லாமல் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. அடேனவர் ஆழ்ந்த கத்தோலிக்கர், நாஜி ஆட்சியில் பதவி இழந்து சிறைப்பட்டவர். குற்றவுணர்வு என்பது அவருக்கு வெறும் பேச்சாக இல்லை. மேற்குலகில் ஜெர்மனி மீண்டும் தலைநிமிர இது தேவை என்ற அரசியல் கணக்கும் அவருக்கு இருந்தது. இரண்டையும் புரிந்துகொண்டு பேசியதில்தான் கோல்ட்மானின் திறமை இருக்கிறது.

எதிர்ப்பு எரிமலையாக வெடித்தது ஜெருசலேமில். கொலைகாரர்களின் காசைத் தொடுவது இறந்தவர்களை விற்பது என்று எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான மெனகெம் பெகின் முழங்கினார். 1952 ஜனவரி 7 அன்று அவர் பேசிய கூட்டம் நாடாளுமன்றத்தை நோக்கிப் பாய்ந்தது. கற்கள் ஜன்னல்களை உடைத்து அவைக்குள் விழுந்தன, கண்ணீர்ப்புகை உள்ளே பரவியது. இரண்டு நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பில் 61 பேர் ஆதரித்தும் 50 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். முகாம்களில் குடும்பத்தையே இழந்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். பெகினின் சினத்தை வெறும் அரசியல் நாடகம் என்று ஒதுக்க முடியாது. அவருடைய பெற்றோரும் அண்ணனும் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள்.

மார்ச் 21 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு அருகே வாசெனார் என்ற ஊரில் பேச்சு தொடங்கியது. சில நாட்களில் அடேனவர் பெயருக்கு வந்த பார்சல் குண்டு மியூனிக்கில் வெடித்து ஒரு காவலர் உயிரிழந்தார். அதே காலத்தில் லண்டனில் ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடன்களைத் தீர்க்கும் மாநாடும் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மன் நிதியமைச்சர் பிரிட்ஸ் ஷேபரும் வங்கியாளர் ஹெர்மன் ஆப்ஸும் கடன் கணக்கு முடியும்வரை யூதர்களுக்குத் தொகை எதுவும் உறுதியளிக்கக் கூடாது என்றார்கள். பேச்சு முறிந்தது. அப்போது ஜெர்மன் குழுவின் தலைவர் பிரான்ஸ் பெம், துணைத் தலைவர் ஓட்டோ கியூஸ்டர் இருவரும் சொந்த அரசின் போக்கைக் கண்டித்துப் பதவி விலக முன்வந்தார்கள். எதிர்த்தரப்பில் இத்தகைய மனிதர்கள் இல்லாதிருந்தால் கோல்ட்மானின் வாதத் திறமை மட்டும் போதியிருக்காது. மே மாதக் கடைசியில் பெம் பாரிசுக்கு வந்து 300 கோடி மார்க் என்ற தொகையைக் கோல்ட்மானிடம் தெரிவித்தார். ஜூனில் பான் நகரில் அடேனவருடன் நேரில் பேசி மீதியை முடித்தார்கள்.

1952 செப்டம்பர் 10 காலையில் லக்சம்பர்க் நகர மன்றத்தில் அடேனவர், இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் மோஷே ஷாரெட், கோல்ட்மான் மூவரும் கையெழுத்திட்டார்கள். உரைகளின் வாசகத்தில் உடன்பாடு ஏற்படாததால் யாரும் பேசவில்லை. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், பெரும்பாலும் சரக்குகளாக. உலகெங்கும் இருந்த பாதிக்கப்பட்டோருக்காக இழப்பீட்டு மாநாட்டிடம் 45 கோடி மார்க். தனிமனிதர்களுக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றவும் ஜெர்மனி ஒப்புக்கொண்டது. அரபு நாடுகள் வணிகப் புறக்கணிப்பு செய்வதாக எச்சரித்தன. 1953 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் 239 பேர் ஆதரித்தார்கள், 35 பேர் எதிர்த்தார்கள், 86 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். அடேனவரின் சொந்தக் கூட்டணியில் பலர் பின்வாங்க, எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி முழுமையாகக் கைகொடுத்தது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள், இயந்திரங்கள், இரும்பு, ரயில் தளவாடங்கள் இஸ்ரேல் துறைமுகங்களில் வந்திறங்கின. உணவுப் பங்கீட்டில் தவித்த அந்தப் புதிய நாட்டின் தொழில்துறைக்கு அது உயிர்த்தண்ணீர். அகதிகளாக வந்து குவிந்தவர்களுக்கு மாதாமாதம் வந்த ஜெர்மன் ஓய்வூதியம், பல வீடுகளில் சங்கடத்தோடு வாங்கப்பட்டாலும், முதுமையைத் தாங்கியது. மாநாட்டுக்கு வந்த பணம் ஐரோப்பாவில் மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், பள்ளிகள், நூலகங்கள் எனப் போனது. கைவிட்டுப்போன பண்பாட்டை மீட்க அந்த நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1960-களில் யூதப் பண்பாட்டு நினைவு அறக்கட்டளையைக் கோல்ட்மான் நிறுவினார். ஆய்வாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அது உதவித்தொகை வழங்கிவருகிறது.

1956-இல் உலக சியோனிய அமைப்பின் தலைவரானார். அமெரிக்காவின் பெரிய யூத அமைப்புகளின் தலைவர்கள் கூடிப் பேசும் மன்றமும் 1950-களின் நடுவே அவர் முயற்சியால் உருவானது. முதல் தலைவரும் அவரே. வாஷிங்டனுக்குப் பல குரல்கள் தனித்தனியே போய் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதை நிறுத்துவது அதன் நோக்கம்.

பதவிகள் கூடக்கூட பென் குரியனுடன் உரசலும் கூடியது. இஸ்ரேல் பிறந்துவிட்ட பிறகு யூதர்களின் சார்பில் பேசும் உரிமை அந்த அரசுக்கே உரியது, உண்மையான சியோனியர் அங்கே குடியேற வேண்டும் என்பது பென் குரியனின் கருத்து. யூத வாழ்வுக்கு இரண்டு மையங்கள் உண்டு, வெளிநாடுகளில் வாழ்பவர்கள் இஸ்ரேலுக்குப் பணம் அனுப்பும் ரசிகர்கள் அல்லர் என்றார் கோல்ட்மான். 1960-இல் யூத அழிப்பில் முக்கியப் பங்கு வகித்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் பிடிபட்டபோது, கொல்லப்பட்டவர்களில் பல நாட்டினர் இருப்பதால் விசாரணையில் வெளிநாட்டு நீதிபதிகளையும் சேர்க்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். பென் குரியன் வெகுண்டார். விசாரணை இஸ்ரேல் நீதிபதிகள் முன்னிலையிலேயே நடந்தது. 1962-இல் கோல்ட்மான் இஸ்ரேல் குடியுரிமை பெற்றும் அங்கே நிலையாகக் குடியேறவில்லை. அதைச் சுட்டிக்காட்டாத இஸ்ரேல் அரசியல்வாதி அரிது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது: தீர்மானத்தின் விளைவைச் சுமப்பவர்கள் வேறிடத்தில் இருக்க, ஜெனீவாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் அறிவுரை வந்தது.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடவிருந்த வேளையில், யூதர்கள் மீது திருச்சபை சுமத்திவந்த பழியை நீக்கக் கோரி 1962 பிப்ரவரியில் கர்தினால் பெயாவிடம் அறிக்கை கொடுத்தார். நல்ல தொடக்கம். ஆனால் சில மாதங்களில் உலக யூத காங்கிரஸ், இஸ்ரேல் அரசின் அதிகாரி ஒருவரைச் சங்கத்துக்குத் தன் பார்வையாளராக அறிவித்தது. அரபு நாடுகள் எதிர்த்தன. யூதர்கள் பற்றிய பிரகடனத்தின் வரைவு நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுக்கப்பட்டது. 1965-இல்தான் அந்தப் பிரகடனம் வேறு பலரின் உழைப்பால் நிறைவேறியது. நாட்டைவிட்டு வெளியேற விடப்படாத சோவியத் யூதர்கள் விவகாரத்தில் அவர் அமைதியான பேச்சையே நம்பினார். ஆர்ப்பாட்டங்கள் மாஸ்கோவை இறுக்கிவிடும் என்று கருதினார். 1960-களின் இறுதியில் எழுந்த இளைய தலைமுறை அவரைக் கடந்து போய்விட்டது. வெளியேறும் உரிமைக்கான வெகுமக்கள் இயக்கம் ஈட்டிய வெற்றி அவர் கணிப்பு தவறு என்று காட்டியது. போர்க்காலத்தில் செய்த அதே பிழையை, அதே மென்மையான முறையின்மேல் வைத்த அதே நம்பிக்கையால், அவர் திரும்பவும் செய்தார்.

1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் இஸ்ரேலின் போக்கை அவர் வெளிப்படையாக விமர்சித்தார். பிடித்த நிலத்தை வைத்துக்கொண்டு அமைதி வராது, அண்டை அரபு உலகின் ஏற்பு இல்லாமல் அந்த நாடு நிலைக்காது என்று எழுதினார். 1968-இல் சியோனிய அமைப்பின் தலைமையை விட்டு விலகிச் சுவிட்சர்லாந்து சென்றார். 1970 வசந்தத்தில் எகிப்து அதிபர் நாசர் அவரைக் கெய்ரோவில் சந்திக்கத் தயார் என்ற தகவல் வந்தது. இஸ்ரேல் அரசின் ஒப்புதலோடு போக விரும்பினார். பிரதமர் கோல்டா மேயரின் அமைச்சரவை மறுத்தது. சூயஸ் கால்வாய்க் கரையில் தினமும் வீரர்கள் இறந்துகொண்டிருந்த நேரம் அது. படையில் சேரும் வயதை நெருங்கிய பள்ளி மாணவர்கள் சிலர், அமைதிக்கான வாய்ப்பை நழுவவிடும் அரசுக்காக எப்படிப் போரிடுவது என்று கேட்டுப் பிரதமருக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. கோல்ட்மான் பயணம் போகவில்லை. செப்டம்பரில் நாசர் இறந்துவிட்டார்.

1977-இல் உலக யூத காங்கிரஸின் தலைமையிலிருந்தும் விலகினார். அடுத்த ஆண்டு டெல் அவிவ் பல்கலைக்கழக வளாகத்தில் யூதப் புலம்பெயர்வு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகள் பல நாடுகளில் பரவி வாழ்ந்த வாழ்க்கையை வெறும் துன்பக் கதையாகக் காட்டாமல், மாதிரிகள், படங்கள், ஒலிப்பதிவுகள் வழியே அதன் ஆக்கத்தையும் காட்ட வேண்டும் என்பது அவர் பல ஆண்டுகள் வளர்த்த எண்ணம். அருங்காட்சியகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1982 ஜூன் மாதம் இஸ்ரேல் படை லெபனானுக்குள் நுழைந்தது. பிரதமராக இருந்தவர் மெனகெம் பெகின். ஜூலை தொடக்கத்தில் பிரான்சின் முன்னாள் பிரதமர் பியேர் மெண்டஸ் பிரான்ஸ், உலக யூத காங்கிரஸில் தமக்குப் பின் தலைவரான பிலிப் கிளட்ஸ்னிக் ஆகியோருடன் சேர்ந்து பாரிசில் ஓர் அறிக்கை வெளியிட்டார். இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒன்றையொன்று அங்கீகரித்துப் பேச வேண்டும் என்றது அந்த அறிக்கை. அப்போது அவருக்கு வயது 86. அத்தகைய அங்கீகாரம் நடைமுறைக்கு வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின.

ஆகஸ்ட் 29 அன்று ஜெர்மனியின் பாட் ரைகன்ஹால் என்ற ஊரில் கோல்ட்மான் காலமானார். ஜெருசலேமின் ஹெர்சல் குன்றில், சியோனிய அமைப்பின் தலைவர்களுக்கான பகுதியில் அடக்கம் நடந்தது. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத் இரங்கல் தெரிவித்தார். கோல்ட்மான் அமைத்த இழப்பீட்டு மாநாடு இன்றும் ஜெர்மன் அரசுடன் பேச்சு நடத்துகிறது. 1952-லிருந்து ஜெர்மனி வழங்கிய தொகை 9,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. முதுமையின் எல்லையில் இருக்கும் உயிர்பிழைத்தோரின் வீட்டுப் பராமரிப்புக்கும் மருத்துவத்துக்கும் அதில் பெரும்பங்கு இப்போது செலவாகிறது.